பெயர் தெரியாத பெண், பொறுமையுள்ள போலீஸ்காரர்

1960களின் தொடக்கம். ஸ்டாக்ஹோமிலிருந்து கோதன்பர்குக்குக் கால்வாய் வழியே ஒரு பயணிகள் கப்பல் போய்க்கொண்டிருந்தது. அதில் கறுத்த கூந்தலுள்ள அழகான அமெரிக்கப் பெண் ஒருத்தி எந்நேரமும் தனியாகவே நின்றாள். ஸ்வீடிஷ் எழுத்தாளர் பெர் வாலூவின் கண் அவள் பக்கமே போவதை உடன் வந்திருந்த மாய் ஷோவால் கவனித்துவிட்டார். இந்தப் பெண்ணைக் கொன்று நம் நாவலை ஆரம்பித்தால் என்ன என்று அப்போதே கேட்டார். எழுபது வயதைத் தாண்டிய பிறகு, பேட்டி ஒன்றில் ஷோவாலே சொன்ன நினைவு இது. 1965இல் ஸ்வீடிஷ் மொழியில் வெளிவந்த ‘ரோசன்னா’ அந்தப் பயணத்தில் கருக்கொண்டதுதான். ஸ்காண்டிநேவியத் துப்பறியும் நாவல்களுக்கென்று இன்று உலகமெங்கும் புத்தகக் கடைகளில் தனி அலமாரி இருக்கிறது. அந்த அலமாரியை நிரப்பியவர்களில் பலர் தங்கள் வம்சாவளியை இந்த ஒரு புத்தகத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள்.

எழுதிய இருவருமே பத்திரிகைக்காரர்கள். வாலூ 1926இல் பிறந்தவர், குற்றச் செய்திகள் எழுதிப் பழகியவர், தீவிர இடதுசாரி. 1957இல் பிராங்கோவின் ஸ்பெயின் அவரை நாட்டைவிட்டு வெளியேற்றியது. ஷோவால் ஒன்பது வயது இளையவர். ஹோட்டல்களை நிர்வகித்த தந்தைக்கு மகளாக, ஸ்டாக்ஹோமில் ஒரு ஹோட்டலின் மேல்மாடியில் வளர்ந்தவர். பத்திரிகை, மொழிபெயர்ப்பு என்று சொந்தக் காலில் நின்றவர். வாலூவைச் சந்தித்தபோது கையில் ஒரு பெண் குழந்தை. அதன் பிறகு இருவரும் திருமணம் செய்துகொள்ளாமலே பதின்மூன்று ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தார்கள். மேலும் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள்.

பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகுதான் அந்த வீட்டில் நாவல் வேலை தொடங்கும். இரவு பத்து, பதினொரு மணி வாக்கில் ஒரே மேசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்வார்கள். கதையின் போக்கை முன்கூட்டியே விரிவாகப் பேசி முடித்திருப்பார்கள். ஒருவர் ஓர் அத்தியாயம், மற்றவர் அடுத்த அத்தியாயம் என்று கையால் எழுதுவார்கள். பிறகு தாள்கள் கைமாறும். அவர் எழுதியதை இவரும் இவர் எழுதியதை அவரும் திருத்தித் தட்டச்சு செய்வார்கள். இருவரில் எவருடையது என்று சொல்ல முடியாத, புத்தகத்துக்கே சொந்தமான ஒரு நடை வேண்டும் என்று மெனக்கெட்டதாக ஷோவால் பின்னாளில் சொன்னார். பத்து நாவல்கள், ஒவ்வொன்றிலும் முப்பது அத்தியாயங்கள் என்பது முதலிலேயே போட்ட திட்டம். அவர்கள் கணக்கில் அது முந்நூறு அத்தியாயங்கள் கொண்ட ஒரே பெரிய நாவல். ஆண்டுக்கு ஒன்று என்ற வேகத்தில் 1965 முதல் 1975 வரை அந்த வேலை நடந்தது.

‘ரோசன்னா’ தமிழ் நாளிதழ் நிருபர் ஒருவர் கைக்கு வந்து சேர்ந்தது அது வெளிவந்து வெகுகாலம் கழித்து. சென்னை திருவல்லிக்கேணியில் பைகிராப்ட்ஸ் சாலை நடைபாதைக் கடையில், முதுகு உடைந்த ஆங்கிலப் பதிப்பாக அவருக்குக் கிடைத்தது. லோயிஸ் ராத் என்ற அமெரிக்கப் பெண்மணி 1967இல் செய்த மொழிபெயர்ப்பு. நிருபருக்கு அப்போது போலீஸ், ஆஸ்பத்திரி, கோர்ட் மூன்றும்தான் அன்றாடம். துப்பறியும் கதைகளை அவர் அதிகம் படிப்பவரில்லை. பகலெல்லாம் ஸ்டேஷனில் உட்கார்ந்துவிட்டு வருகிறவருக்கு, பூதக்கண்ணாடியோடு அலையும் மேதைகளின் கதை ஒட்டவில்லை. ‘ரோசன்னா’வை அவர் வாங்கியதற்குக் காரணம் பின்னட்டையில் இருந்த ஒரு செய்தி. பிணம் கிடைத்து மூன்று மாதமாகியும் போலீசுக்குத் தெரிந்தது செத்தவளின் பெயரும் ஊரும் மட்டும்தான் என்று அதில் போட்டிருந்தது.

அந்த மூன்று மாதம் அவருக்கு மிகவும் பழக்கமானது. காவிரிப் பாசனப் பகுதியில் வேலை பார்த்த நாட்களில், வாய்க்கால் மதகுகளில் ஒதுங்கும் உடல்களைப் பற்றி அவர் நிறைய எழுதியிருக்கிறார். கிராம நிர்வாக அலுவலர் புகார் கொடுப்பார். ஸ்டேஷன் ரைட்டர் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174ஆம் பிரிவில் வழக்குப் பதிவார். சுமார் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண், இன்ன நிறப் புடவை, இடது கையில் மச்சம் என்று மூன்று அங்குலச் செய்தி வரும். உடல் அரசு ஆஸ்பத்திரி பிண அறைக்குப் போகும். யாராவது தேடி வந்தால் இரண்டாவது செய்தி. வராவிட்டால் அந்தப் பெண்ணைப் பற்றி ஊரில் எழுதப்பட்ட ஒரே வரலாறு அந்த மூன்று அங்குலம்தான். ஒருமுறை அப்படிப்பட்ட ஒரு வழக்கைப் பற்றி அவர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தபோது, வயதான ஏட்டு ஒருவர், “தம்பி, பேர் தெரிஞ்சாப் பாதிக் கேஸ் முடிஞ்சுது. பேர் தெரியலைன்னா எங்க ஆரம்பிக்கிறது, யாரைக் கேக்கிறது?” என்றார். மிகவும் அக்கறையுள்ள மனிதர் அவர். பிண அறைக்கு வெளியே நின்றபடி அவர் சொன்னது நிருபரின் மனதில் தங்கிவிட்டது.

‘ரோசன்னா’ அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது. ஜூலை 8ஆம் தேதி பிற்பகல். ஸ்வீடனின் நடுப்பகுதியில், மூத்தாலா நகரத்தை ஒட்டிய போரன்ஸ்ஹுல்ட் என்ற இடத்தில், யோத்தா கால்வாயில் தூர் வாரும் இயந்திரம் வேலை செய்துகொண்டிருக்கிறது. சேற்றோடு சேர்ந்து ஒரு பெண்ணின் உடல் மேலே வருகிறது. உடலில் துணி இல்லை, நகை இல்லை, கழுத்து நெரிக்கப்பட்டிருக்கிறது. காணாமல் போனவர்கள் பட்டியலில் அவளைப் போல யாரும் இல்லை. உடல் மேலே வரும் காட்சிக்கு முன்பே நாவல் ஒரு காரியம் செய்துவிடுகிறது. அந்தத் தூரை வார வேண்டியது எந்த அலுவலகம், செலவு யார் கணக்கில் என்று கோப்பு மேசை மேசையாக அலைவதை ஆசிரியர்கள் நிதானமாகச் சொல்கிறார்கள். கொலைக்கு முன் நமக்கு விரிவாகக் காட்டப்படுவது அரசு இயந்திரம். நிருபர் சில பக்கங்களிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தார். இதை எழுதியவர்களுக்கு அலுவலகம் என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது.

ஸ்டாக்ஹோமிலிருந்து மார்ட்டின் பெக் வருகிறார். வெளியூர்ப் போலீஸ் கேட்டுக்கொண்டால் தலைநகரிலிருந்து போய் உதவும் கொலை விசாரணைக் குழு ஸ்வீடனில் நிஜமாகவே இருந்தது. பெக் அதைச் சேர்ந்தவர். வயிறு சரியில்லாதவர். சளி பிடித்தால் லேசில் போகாது. நெரிசலான மெட்ரோ ரயிலைக் கண்டாலே அவருக்கு உடம்பு கூசும். மனைவியோடு பேச அதிகம் எதுவும் மிச்சமில்லை. வீட்டில் இருக்கும் நேரத்தில் பாய்மரக் கப்பல்களின் சிறு மாதிரிகளை ஒட்டிக்கொண்டிருப்பார். பிடிவாதம், தர்க்கம், நிதானம் மூன்றைத் தவிர அவரிடம் வேறு பெரிய ஆயுதம் கிடையாது. கூட இருப்பவர்களில் கோல்பெர்க் பருத்த உடம்புக்காரர், வாய் ஓயாதவர். மெலாண்டருக்கு ஒருமுறை படித்த காகிதம் ஆயுளுக்கும் மறக்காது. மூத்தாலாவின் உள்ளூர் அதிகாரி ஆல்பெர்க், இது தன் ஊரில் கிடைத்த பிணம் என்பதாலேயே விட மனமில்லாதவர். பெக்கும் ஆல்பெர்கும் தொலைபேசியில் பேசுகிற பகுதிகளை நிருபர் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறார். சொல்லப் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆனாலும் ஒருவரையொருவர் கூப்பிடுவார்கள். வழக்கு இன்னும் செத்துப்போகவில்லை என்பதை உறுதிப்படுத்திக்கொள்ள அது போதும்.

அந்தக் காலத்து ஸ்வீடிஷ் வாசகர்களுக்கு இது புதிது. மரியா லாங், ஸ்டீக் ட்ரென்டர் போன்றவர்களின் புதிர்க்கதைகளில் பழகியிருந்தார்கள். ஓர் இடம், சில மனிதர்கள், ஒரு கொலை, கடைசியில் ஒரு விளக்கம் என்ற வகை அது. நிர்வாணமான ஒரு பெண்ணின் உடலை உள்ளது உள்ளபடி விவரித்ததும், ஒரு போலீஸ்காரரின் படுக்கையறை வாழ்க்கையைப் பேசியதும் பலருக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு நிஜம் வேண்டாம் என்று புத்தகத்தைக் கடைக்கே திருப்பிக் கொண்டுவந்து கொடுத்த பெண்மணிகளைப் பற்றி ஷோவால் சொல்லியிருக்கிறார். ஆனால் ஆசிரியர்களுக்கு நிஜம்தான் முதல் விதி. பெக் ஒரு விமானத்தில் ஏறினால், அந்த நேரத்தில் அப்படி ஒரு விமானம் இருக்க வேண்டும், அன்றைய வானிலையும் ஒத்துப்போக வேண்டும்.

இன்னொன்றையும் நிருபர் பின்னால் தெரிந்துகொண்டார். ஸ்வீடனில் அதுவரை ஊராட்சி, நகராட்சிகளின் கையில் இருந்த காவல்துறை, 1965 ஜனவரி 1ஆம் தேதி தேசிய அரசின் கீழ் வந்தது. பெக் முதன்முதலாக அச்சில் வந்ததும் அதே ஆண்டு. தொடரில் போகப்போக, பெரிதாகிக்கொண்டே போகும் அந்த நிர்வாகத்தின் மீதான கோபம் கூடிக்கொண்டே போகும். ‘ரோசன்னா’வில் அது இன்னும் முளைவிடவில்லை. இங்கே ஊர்க்காரப் போலீசும் தலைநகரப் போலீசும் தோழமையோடு வேலை செய்கிறார்கள்.

அக்டோபர் வாக்கில் கடல் கடந்து பதில் வருகிறது. செத்தவள் ரோசன்னா மெக்ரா. வயது 27. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் லிங்கன் நகரத்து நூலகர். அந்த ஊர்ப் போலீஸ் அதிகாரி காஃப்கா, அவளை அறிந்தவர்களை விசாரித்த வாக்குமூலங்களை அப்படியே அனுப்புகிறார். நாவலின் உயிர் இந்தக் காகிதங்களில் இருப்பதாக நிருபர் நம்புகிறார். கேள்வி, பதில், கேள்வி, பதில். நடுவில் வர்ணனை கிடையாது. அவளோடு அறையைப் பகிர்ந்துகொண்ட தோழி பேசுகிறாள். முன்னாள் காதலன் பேசுகிறான். ரோசன்னா புத்தகப் பிரியை. தனியாக இருப்பதில் அவளுக்குக் குறையில்லை. தனக்கு ஓர் ஆணைப் பிடித்தால் அதை மறைத்துக்கொள்ளும் பழக்கம் அவளிடம் இல்லை. அதற்காக வெட்கப்படவும் இல்லை. அப்படிப்பட்ட பெண்ணைப் பற்றி மற்றவர்கள் எந்தக் குரலில் பேசுவார்கள் என்பதையும் அந்த வாக்குமூலங்கள் கேட்க வைக்கின்றன.

பெக்கும் அதை மேசையில் உட்கார்ந்து படிக்கிறார். சேற்றில் பார்த்த உடல் அவர் மனதில் மெல்ல மெல்ல ஒரு மனுஷியாகிறது. கொலைகாரனைக் கண்டுபிடிக்க அவளைப் பற்றி இவ்வளவு தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று ஒருவர் சொல்லக்கூடும். ஆனால் இந்த நாவல் கேட்கும் முதல் கேள்வி ‘கொன்றது யார்’ இல்லை. ‘செத்தவள் யார்’ என்பதுதான். துப்பறியும் இலக்கியத்தில் பிணம் பெரும்பாலும் கதையைத் தள்ளிவிட வந்த ஒரு சாக்கு. இங்கே விசாரணையின் பாதி, அவளுடைய வாழ்க்கையை அவளுக்குத் திருப்பித் தருவதற்காகவே நடக்கிறது. வாக்குமூலப் பகுதியை முடித்த இரவில், பழைய செய்திகளின் மூன்று அங்குலங்கள் நிருபரின் நினைவில் வரிசையாக வந்தன. புடவை நிறங்கள்கூட நினைவிருந்தன.

பெயர் கிடைத்ததும் வழி திறக்கிறது. ரோசன்னா ‘டயானா’ என்ற கப்பலில் பயணம் செய்தவள். பயணிகளும் ஊழியர்களுமாகக் கப்பலில் 85 பேர். அவர்கள் இப்போது பல நாடுகளில் சிதறிக் கிடக்கிறார்கள். உல்லாசப் பயணம் போனவர்கள் எல்லோரிடமும் கேமரா இருந்திருக்கும் என்ற எளிய யோசனையிலிருந்து விசாரணை நகர்கிறது. விடுமுறைப் படங்களையெல்லாம் சேகரிக்கிறார்கள். யாரோ எடுத்த கட்டடத்தின் ஓரத்தில், யாரோ எடுத்த மனைவியின் தோளுக்குப் பின்னால், ரோசன்னா இருக்கிறாளா என்று தேடுகிறார்கள். ஒரு பயணி எடுத்த சிறிய படச்சுருளில் அவள் நடக்கிறாள், திரும்புகிறாள். அருகில் ஓர் ஆள். மொபைல் கேமராக்களும் சிசிடிவியும் வந்துவிட்ட பிறகு இந்தப் பகுதி பழசாகிப்போயிருக்க வேண்டும். ஆகவில்லை. இன்றைக்கும் போலீஸ் செய்வது இதைத்தான்; படங்களின் எண்ணிக்கைதான் பெருத்துவிட்டது.

மகள் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போனதால் நிருபருக்கு ஸ்வீடன் போகும் வாய்ப்பு வந்தது. அங்கிருந்து மூத்தாலாவுக்கு உள்ளூர் ரயில் உண்டு. வெட்டர்ன் என்ற பெரிய ஏரியின் கரையில் உள்ள ஊர் அது. “ஸ்டாக்ஹோம் பாக்காம இங்க எதுக்குப்பா?” என்று மகள் கேட்டாள். “நட, சொல்றேன்” என்று கால்வாய்க் கரைக்கு அழைத்துப்போனார்.

கரையிலேயே பால்ட்சார் ஃபோன் பிளாட்டன் அடக்கமாகியிருக்கிறார். யோத்தா கால்வாயைத் திட்டமிட்டுக் கட்டியவர் அவர். 1810இல் தொடங்கிய வேலை 1832இல்தான் முடிந்தது. அவர் 1829இலேயே இறந்துவிட்டார். 190 கிலோமீட்டர் நீள வழித்தடத்தில் 87 கிலோமீட்டர் மனிதர்கள் மண்வெட்டியால் வெட்டியது. ஏறத்தாழ 58,000 பேர் உழைத்தார்கள், பெரும்பாலோர் படைவீரர்கள். நிலம் ஏறி இறங்குவதால் 58 மதகுத் தொட்டிகள் கட்டியிருக்கிறார்கள். படகு தொட்டிக்குள் வந்ததும் பின்கதவை மூடி, நீரை நிரப்பி மேலே ஏற்றுவார்கள்; அல்லது நீரை வடித்து இறக்குவார்கள். போரன்ஸ்ஹுல்டில் அப்படி ஐந்து தொட்டிகள் படிக்கட்டு போல அடுத்தடுத்து இருக்கின்றன. மேலே கால்வாய், கீழே போரன் ஏரி. நடுவில் பதினைந்து மீட்டர் உயர வித்தியாசம்.

புத்தகத்தில் படித்த இடத்தை நேரில் பார்த்தபோது நிருபருக்கு ஒரு விஷயம் தெளிவானது. இங்கே எதுவுமே அவசரமாக நடக்க வழியில்லை. ஒரு படகு ஐந்து தொட்டியையும் தாண்டிக் கீழே இறங்கும்வரை கரையில் குழந்தைகள் ஐஸ்கிரீம் தின்று முடித்து இன்னொன்று கேட்கிறார்கள். கால்வாயில் படகுகளின் வேக வரம்பே மணிக்கு ஐந்து கடல் மைல்தான். விசாரணையின் நடையை இந்தத் தண்ணீர்தான் தீர்மானித்தது என்று அவருக்குத் தோன்றியது. வேறு இடத்தில், ஸ்டாக்ஹோமின் ஒரு சந்தில் அந்தப் பிணம் கிடைத்திருந்தால், அது வேறு நாவலாகியிருக்கும்.

‘டயானா’ கற்பனைக் கப்பல் இல்லை. 1931இல் கட்டப்பட்டது, இன்னும் ஓடுகிறது. அதன் உடன்பிறப்புகள் ‘யூனோ’ 1874ஆம் ஆண்டினது, ‘வில்ஹெல்ம் தாம்’ 1912ஆம் ஆண்டினது. மதகுத் தொட்டிக்குள் நுழைய வேண்டும் என்பதால் இந்தக் கப்பல்களின் நீள அகலத்தைத் தொட்டியே முடிவு செய்துவிட்டது. உள்ளறைகள் ரயில் பெட்டியின் ஓர் அறை அளவுக்குத்தான் இருக்கும். மேலும் கீழுமாகப் படுக்கைகள். இத்தனை நெருக்கத்தில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு பயணம் செய்தவர்களில் ஒருத்தி காணாமல் போனதை மற்றவர்கள் எப்படிக் கவனிக்காமல் இருந்தார்கள்? தனியாக வந்தவள், தனியாகப் போயிருப்பாள் என்று நினைத்திருப்பார்கள். விடுமுறையில் இருப்பவர்கள் அதற்கு மேல் நினைக்க மாட்டார்கள். ஷோவாலும் வாலூவும் கால்வாய்ப் பயணத்தில் வெறும் பயணிகளாக மட்டும் வரவில்லை என்பதை இந்த இடம் காட்டிக்கொடுக்கிறது.

நாவலின் கடைசிப் பகுதி பற்றி நிருபருக்கு நெடுநாளாக ஒரு சங்கடம் உண்டு. சந்தேகம் ஃபோல்கே பெங்ட்சன் என்பவன் மீது விழுகிறது. சாதுவான வேலை, ஒழுங்கான சாப்பாடு, பொழுதுபோக்குக்குப் பந்துருட்டும் விளையாட்டு. பெண்ணின் ஆசையைக் கண்டால் அருவருக்கும் மனம். ஆனால் கையில் சாட்சியம் இல்லை. அதனால் சோனியா ஹான்சன் என்ற பெண் போலீசைத் தூண்டிலாகப் போடுகிறார்கள். நாட்கள் போகின்றன, வாரங்கள் போகின்றன. ஜனவரியில் மீன் தூண்டிலைக் கவ்வும் அந்த நேரத்தில் காவலுக்கு இருக்க வேண்டியவர்கள் வந்து சேரத் தாமதமாகிறது. சோனியா உயிர் பிழைக்கிறாள். ஆனால் முன்பிருந்த சோனியாவாக இல்லை. வழக்கு வெற்றி. ஆறு மாதத்துக்கு மேல் சுமந்தது இறங்கிவிட்டது. ஆனால் ஒரு பெண்ணுக்கு நியாயம் தேடி, இன்னொரு பெண்ணை அதே கைகளுக்கு இத்தனை அருகில் நிறுத்தியதை ஆசிரியர்கள் மூடி மறைக்கவில்லை. கைதட்டச் சொல்லவும் இல்லை. படிக்கிறவர் கோபப்பட இடம் விட்டிருக்கிறார்கள். நிருபர் ஒவ்வொரு முறையும் கோபப்படுகிறார்.

அடுத்தடுத்த நாவல்களில் ஸ்வீடன் மேலும் இருட்டாகிறது. மூன்றாவதான ‘பால்கனியில் நின்ற மனிதன்’ (1967), 1963இல் ஸ்டாக்ஹோமை நடுங்கவைத்த நிஜமான குழந்தைக் கொலைகளிலிருந்து எழுந்தது. நான்காவதான ‘சிரிக்கும் போலீஸ்காரன்’ 1971இல் அமெரிக்காவின் எட்கர் விருதைப் பெற்றது. ஹாலிவுட் அதைச் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுபோய் 1973இல் படமாக எடுத்தது. கடைசி நாவல் ‘பயங்கரவாதிகள்’ எழுதும்போது வாலூ கடும் நோயில் இருந்தார். 1975 ஜூன் 22ஆம் தேதி மால்மோவில் 48 வயதில் இறந்தார். அந்த நாவலில் ஸ்வீடன் பிரதமர் ஒருவர் சுட்டுக்கொல்லப்படுகிறார். அப்போது அது மிகையான கற்பனையாகத் தெரிந்தது. 1986 பிப்ரவரி 28ஆம் தேதி இரவு, சினிமா பார்த்துவிட்டு மனைவியோடு நடந்து வந்துகொண்டிருந்த பிரதமர் உலோஃப் பால்மேயை ஸ்டாக்ஹோம் தெருவில் ஒருவன் சுட்டுக் கொன்றான்.

பெக்குக்குப் பிறகு ஸ்வீடிஷ் எழுத்தாளர் ஹென்னிங் மாங்கெல்லின் போலீஸ் துப்பறிவாளர் வாலண்டர் 1991இல் வந்தார். ‘ரோசன்னா’வின் ஆங்கில மறுபதிப்புக்கு மாங்கெல் எழுதிய முன்னுரையைப் படித்தால் அவர் எவ்வளவு கடன்பட்டிருந்தார் என்பது தெரியும். பிறகு வந்த எத்தனையோ துப்பறிவாளர்களுக்கு மணமுறிவும் மதுவும் வயிற்றுவலியும் கட்டாய அடையாளங்களாகிவிட்டன. அது நிருபருக்குப் பிடிக்காது. பெக்கின் சளியும் வயிற்று உபாதையும் அலங்காரம் இல்லை. வேலை என்ற ஒன்று உடம்பை என்ன செய்யும் என்பதற்கு அவை சாட்சி. அவர் அறிந்த ஏட்டுகள், இன்ஸ்பெக்டர்கள், ரைட்டர்கள் எல்லோரிடமும் அந்த வயிறு இருந்தது.

மாய் ஷோவால் வாலூவுக்குப் பிறகு நெடுங்காலம் வாழ்ந்தார். மொழிபெயர்ப்புகள் செய்தார். டச்சு எழுத்தாளர் தோமஸ் ராஸோடு சேர்ந்து ஒரு நாவல் எழுதினார். பெக்கை மட்டும் தனியாகத் தொடரவில்லை. பத்து என்று சொன்னது பத்தோடு நின்றது. 2020 ஏப்ரல் 29ஆம் தேதி 84 வயதில் காலமானார். அந்தச் செய்தி வந்த நாளில் நிருபர் தன் பழைய நாளிதழுக்குப் போன் செய்து, அரைப் பக்கமாவது ஒதுக்க முடியுமா என்று கேட்டார். கொரோனா ஊரடங்கு காலம், பக்கங்களே குறைந்திருந்தன. கிடைத்த இடத்தில் எழுதிக் கொடுத்தார். அதில் பாதிக்கு மேல் லிங்கன் நகரத்து வாக்குமூலங்களைப் பற்றித்தான் இருந்தது.

யாராவது படிக்கப் புத்தகம் கேட்டால் நிருபர் இந்தப் பத்தையும் சொல்வார், கூடவே ஒரு நிபந்தனையும் போடுவார். வரிசை மாற்றிப் படிக்கக் கூடாது. புகழ்பெற்றது என்பதற்காக நான்காவதில் ஆரம்பிக்கவே கூடாது. ‘ரோசன்னா’வில் பெங்ட்சனின் பின்னால் குளிரில் அலையும் ஸ்டென்ஸ்ட்ரோம், குழுவிலேயே இளையவன். நான்காவது நாவலில் இரவுப் பேருந்தில் பயணிகளோடு சேர்ந்து சுடப்பட்டுச் சாகும் போலீஸ்காரன் அவன்தான். முதல் புத்தகத்தில் அவனைப் பார்த்திருந்தால்தான் அந்தச் சாவு வலிக்கும். அவன் கட்டிக்கொள்ள இருந்த ஓசா டோரெல் பிறகு தானே போலீஸில் சேர்கிறாள். பெங்ட்சனும் ஒன்பதாவதில் திரும்பி வருகிறான், தண்டனை முடிந்து வெளியே வந்தவனாக. இன்னொரு பெண் காணாமல் போனதும் எல்லோருடைய விரலும் அவனை நோக்கித்தான் நீள்கிறது. இம்முறை பெக் அவசரப்படுவதில்லை. மகள் மூத்தாலா ரயிலில் தொடங்கிய ‘ரோசன்னா’வை லின்ஷோப்பிங்கில் முடித்துவிட்டு நேரே ஒன்பதாவதைக் கேட்டாள். “அதுக்கு இன்னும் ஏழு புத்தகம் இருக்கும்மா” என்று இரண்டாவதை எடுத்துக் கொடுத்தார்.